நெல் வயல் மண்ணில் இயற்கை எருவும் இரசாயன உரமும்: சேர்த்திடுவதன் விளைவுகள்

நெற்பயிருக்கு உரமிடுவது குறித்து விவசாயிகளிடையே இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. இரசாயன உரம் மண்ணைக் கெடுத்துவிடும், தொழு உரமே போதும் என்பர் ஒரு சாரார். மூட்டையில் உரம் கிடைக்கும்போது வண்டி வண்டியாக எருவடிப்பது வீண் உழைப்பு என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பகுதி உண்மைகளே. இரசாயன உரம் முதன்மையாகப் பயிருக்கு உணவளிக்கிறது. இயற்கை எரு முதன்மையாக மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவளித்து, அவற்றின் வாயிலாகப் பயிருக்கு உதவுகிறது. இரண்டின் வேலையும் வெவ்வேறானவை என்பதை உணர்ந்தால், அவற்றை எந்த அளவில், எந்தக் காலத்தில் சேர்த்திட வேண்டும் என்பது எளிதில் விளங்கும்.

நீர் தேங்கிய மண்ணின் இயல்பு

நெல் வயல் மண் ஏனைய மண்ணைப் போன்றதன்று. சேற்றுழவு செய்து நீர் தேக்கியதும், மண்ணிலுள்ள பிராண வாயு ஏறத்தாழ ஒரு நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. நீரை ஒட்டிய மிக மெல்லிய மேற்படலத்தில் மட்டும் அது எஞ்சியிருக்கும். அதற்குக் கீழுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் சுவாசிப்பதற்கு முதலில் நைட்ரேட்டையும், பின்னர் மாங்கனீஸ், இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகளையும், அதன்பின் சல்பேட்டையும் பயன்படுத்துகின்றன. இறுதிக் கட்டத்தில் மீதேன் வாயு தோன்றுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய எப். என். பொன்னம்பெருமா 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை இம்மாறுதல்களை விரிவாக விளக்குகிறது.

இம்மாறுதல்களால் பயிருக்கு நன்மையும் உண்டு. இரும்புடன் பிணைந்து கரையாதிருந்த மணிச்சத்தின் ஒரு பகுதி விடுபடுகிறது. அமில மண்ணின் அமிலத்தன்மை குறைகிறது. கார மண்ணின் காரத்தன்மையும் தணிகிறது. ஆனால் நுண்ணுயிர்களுக்கு இரை இருந்தால்தான் இவை விரைந்து நிகழும். அந்த இரையே அங்ககப் பொருள். அங்ககப் பொருள் குன்றிய மண்ணில் நீர் தேக்கியும் இந்நன்மைகள் தாமதமாகவே தோன்றுவதைக் காணலாம்.

நைட்ரஜன் இழப்பும் எருவின் காப்பும்

தேங்கிய நீரின் மேல் யூரியாவைத் தூவினால் அது விரைவில் அம்மோனியமாக மாறுகிறது. பகற்பொழுதில் நீரிலுள்ள பாசி கரியமில வாயுவை உட்கொள்வதால் நீரின் காரத்தன்மை உயர்ந்து, அம்மோனியா வாயுவாகி வெளியேறுகிறது. மேற்படலத்தில் நைட்ரேட்டாக மாறும் பகுதியோ கீழே இறங்கியதும் நைட்ரஜன் வாயுவாகி இழக்கப்படுகிறது. ஆகவே இட்ட நைட்ரஜனில் பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதமே பயிருக்குக் கிட்டுகிறது.

எருவும் உரமும் சேர்ந்திருக்கும்போது, எருவை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தின் ஒரு பகுதியைத் தம் உடலில் ஏற்றுக்கொள்கின்றன; அவை மடியும்போது அது சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. மட்கும் அம்மோனியத்தைப் பற்றி வைத்துக்கொள்கிறது. எனினும், முறையற்று மேலே தூவப்படும் உரத்தை எந்த எருவும் முழுமையாகக் காப்பாற்றாது. உரத்தைப் பகுத்திடுவதும், அடியுரத்தைச் சேற்றில் கலப்பதும் இன்றியமையாதவை.

நீண்ட காலப் பரிசோதனைகள் காட்டுவது

ஒரு பருவத்தின் மகசூலைக் கொண்டு மண்ணின் நிலையைக் கணிக்க இயலாது. இதனை உணர்ந்தே இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1970-ஆம் ஆண்டில் நாட்டின் பல பகுதிகளில் நீண்ட கால உரப் பரிசோதனைகளைத் தொடங்கியது. பந்த்நகர், பாரக்பூர் போன்ற இடங்களில் நெல்லை உள்ளடக்கிய பயிர்ச் சுழற்சிகள் இவற்றில் இடம்பெற்றன. நைட்ரஜன் மட்டும் இட்ட பாத்திகள் தொடக்கத்தில் நல்ல விளைச்சல் தந்தபோதிலும், மற்ற சத்துக்கள் குறையக் குறையப் பின்தங்கின. மூன்று சத்துக்களும் இட்ட பாத்திகள் அவற்றைவிட நன்கு நிலைபெற்றன. மூன்று சத்துக்களுடன் தொழு உரமும் பெற்றவை பொதுவாக மகசூலிலும், மண்ணின் அங்ககக் கரி அளவிலும் முன்னின்றன.

இதில் ஒரு நுட்பத்தை ஊழியர்கள் மறத்தலாகாது. இப்பரிசோதனைகளில் தொழு உரம் முழு அளவு இரசாயன உரத்துக்கு மேல் கூடுதலாக இடப்பட்டதேயன்றி, அதற்குப் பதிலாக இடப்படவில்லை. எனவே, எரு இட்டால் உரத்தை விட்டுவிடலாம் என்று இம்முடிவுகளைக் கொண்டு கூறுவது பிழையாகும்.

பந்த்நகர் அமைந்துள்ள தராய்ப் பகுதி மற்றொரு பாடத்தையும் புகட்டுகிறது. அங்கு நெற்பயிரில் இலைகள் துருநிறம் கொண்டு வளர்ச்சி குன்றும் கைரா எனும் நோய், கிருமிகளால் அன்றித் துத்தநாகக் குறைவால் உண்டாவது என்பதை ஒய். எல். நெனே 1960-களில் கண்டறிந்தார். செறிந்த உரங்கள் மூன்று சத்துக்களைத் தருமேயன்றித் துத்தநாகத்தைத் தருவதில்லை. தொழு உரத்தில் அது சிறிதளவு உண்டு. குறைபாடு வெளிப்பட்ட நிலத்துக்கோ துத்தநாக சல்பேட்டே தேவை.

எல்லா எருவும் ஒன்றல்ல

எருவின் தன்மையை அதிலுள்ள கரிக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதமே முடிவு செய்கிறது. வைக்கோலில் நைட்ரஜனைப் போல் 60 மடங்கோ அதற்கு மேலோ கரி உண்டு. அதைப் பச்சையாக உழுது உடனே நட்டால், நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனைத் தமக்கே எடுத்துக்கொள்ளும். இளம் பயிர் வெளுத்துவிடும். அப்போது உண்டாகும் அங்கக அமிலங்களும் வேரைப் பாதிக்கும். மாறாக, பூக்கும் முன் மடக்கி உழுத தக்கைப்பூண்டு விரைவில் மட்கி நைட்ரஜனை வெளியிடும். ஹெக்டேருக்கு 15 டன் பசுந்தழை கிடைத்தால் சுமார் 60 கிலோ நைட்ரஜன் மண்ணிற் சேரும். நன்கு மட்கிய தொழு உரமும் கம்போஸ்டும் மெதுவாகச் செயற்படும்.

வைக்கோலை முற்றிலும் அகற்றுவதும் சரியன்று. பயிர் எடுக்கும் சாம்பல் சத்தின் பெரும் பகுதி வைக்கோலிலேயே தங்குகிறது. அதைக் கம்போஸ்டாக்கியோ, நடவுக்கு நெடுநாள் முன்னதாக உழுதோ வயலுக்குத் திருப்புதல் வேண்டும்.

கணக்கிடும் முறை

ஹெக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன் பரிந்துரைக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். இதற்கு 217 கிலோ யூரியா தேவை. விவசாயியிடம் 5 டன் தொழு உரம் உள்ளது. அதில் நைட்ரஜன் 0.5 சதவீதம் எனில் மொத்தம் 25 கிலோ. முதற் பயிருக்கு இதில் பாதிக்கு மேல் கிட்டும் என எதிர்பார்த்தல் கூடாது. ஆகவே 12.5 கிலோவை மட்டும் கழித்து, எஞ்சிய 87.5 கிலோவுக்கு 190 கிலோ யூரியா இட வேண்டும். மிச்சம் 27 கிலோ யூரியாதான். எருவின் பயனை இந்தச் சிறு தொகையால் மட்டும் மதிப்பிடும் விவசாயி ஏமாற்றமடைவார். ஆண்டுதோறும் மண்ணிற் சேரும் அங்ககப் பொருளையும், சாம்பல் சத்தையும், நுண்சத்துக்களையும் அவருக்கு எடுத்துரைத்தல் ஊழியரின் கடமை. 25 கிலோவையும் முதல் ஆண்டிலேயே கழித்துப் பரிந்துரைத்தால் மகசூல் குறையும். குற்றம் எருவின் மேல் சுமத்தப்படும்.

எச்சரிக்கை வேண்டிய நிலங்கள்

இரும்புச் சத்து மிகுந்த அமிலத் தாழ்நிலங்களில் பச்சைத் தழையை மிகுதியாக இட்டால் கரையும் இரும்பு அளவு கடந்து, இலைகள் செம்பழுப்பாகும். அங்கே மட்கிய எருவே ஏற்றது. சாம்பல் சத்தும் குறையலாகாது. இடையிடையே நீரை வடித்தலும் நன்று. மட்காத பொருள்கள் மீதேன் வெளிப்பாட்டையும் மிகுவிக்கின்றன என்பதால், சுற்றுப்புற நலன் கருதியும் மட்கவைத்து இடுவதே சிறந்தது.

செய்து காட்டத்தக்க சோதனை

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எளிதில் விளக்கலாம். ஒரே வயலின் மண்ணை இரு கண்ணாடிச் சாடிகளில் பாதியளவு நிரப்புக. ஒன்றில் மட்டும் நறுக்கிய பசுந்தழையை ஒரு பிடி கலந்து, இரண்டிலும் மண்ணுக்கு மேல் நாலு விரற்கடை நீர் நிற்கச் செய்க. சில நாட்களில் தழை கலந்த மண் முன்னதாகக் கருமை கலந்த சாம்பல் நிறமடையும். குச்சியால் கிளறினால் குமிழிகள் எழும். மற்றதில் இம்மாறுதல் மெல்லவே நிகழும். நீரை ஒட்டிய மேற்படலம் மட்டும் பழுப்பாகவே இருப்பதை மாணவர் காண்பர். பிராண வாயு உள்ள இடமும் இல்லாத இடமும் இவ்வாறு கண்ணுக்குப் புலனாகும். யூரியாவை ஏன் மேலே தூவலாகாது என்பதும் தானே விளங்கும்.

சுருக்கம்

மண் பரிசோதனைப்படி உரமிடுக. எருவின் தன்மையறிந்து, நடவுக்கு ஏற்ற இடைவெளி விட்டுச் சேர்த்திடுக. எருவின் நைட்ரஜனை முதற் பருவத்தில் பாதியளவே கணக்கிற் கொள்க. இவற்றைக் கடைப்பிடித்தால் இவ்வாண்டின் மகசூலும் பெறலாம். வரும் ஆண்டுகளின் நிலவளமும் காக்கலாம்.