தொட்டியைத் தொட்டால் கிளம்பும் குட்டிக் கொசுக்கள்

கேள்வி: வீட்டுக்குள் இருக்கும் மணி பிளான்ட் தொட்டியைத் தொட்டாலே கறுப்பாகக் குட்டிக் கொசுக்கள் கிளம்புகின்றன. வேப்பெண்ணெய் தெளித்தும் போகவில்லையே?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அவை கடிக்கிற கொசு இல்லை, பூஞ்சை ஈக்கள். நீங்கள் இலையில் தெளிக்கிறீர்கள்; அவை பிறப்பதோ மண்ணில். ஈரமான மேல்மண்ணில் முட்டையிடும். கண்ணாடி போன்ற உடலும் கறுத்த தலையுமாக வரும் புழு, மண்ணிலுள்ள பூஞ்சையோடு இளவேரையும் தின்னும். உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை மண்மேல் வைத்து, இரண்டு நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். அடியில் நெளிந்துகொண்டிருக்கும்.

முதல் மருந்து தண்ணீரைக் குறைப்பதுதான். விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தேங்காய் நார்க்கழிவு கலந்த மண் மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் பிடித்திருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அடித்தட்டில் தேங்கும் நீரையும் கொட்டிவிடுங்கள். பறப்பவற்றைப் பிடிக்க மஞ்சள் ஒட்டு அட்டையை மண்ணை ஒட்டி வையுங்கள்.

அப்படியும் குறையாவிட்டால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைத் தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றலாம். காய்ப்புழுவுக்கு அடிக்கும் சாதாரண பி.டி. இதற்கு உதவாது, கேட்டு வாங்குங்கள். பி.டி.ஐ. புழுவை மட்டுமே கொல்லும். முட்டையையும் ஈயையும் தொடாது. அதனால் வாரம் ஒரு முறையாக மூன்று நான்கு தடவை ஊற்ற வேண்டும். வீட்டுக்குள் ரசாயன ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம். முட்டை ஈயாக ஏறக்குறைய 3 வாரம் ஆகும். ஒரு மாதமாவது விடாமல் செய்யுங்கள்.