மின்தூண்டல் சிகிச்சை: கருவி செய்வதும் நாம் செய்ய வேண்டியதும்



பாரிசவாதம் வந்து மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பிய ஒருவரைப் பார்க்கப் போகிறோம். சுகம் விசாரித்து முடிந்ததும் பேச்சு எப்படியும் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். "கரண்ட் பிடிக்கிற மெசின் ஒண்டு இருக்காம், அதைப் பிடிச்சால் கை வந்திடுமாமே?" சென்னையிலிருந்து எடுப்பிக்கலாம் என்பார் ஒருவர். இணையத்தில் மலிவாக உண்டு என்பார் இன்னொருவர். இதற்கிடையில் அந்த ஐயா மேசையிலுள்ள தேநீர்க் கோப்பையை எடுக்கத் தனது பலவீனமான கையை மெல்ல நீட்டுவார். மகள் ஓடிவந்து கோப்பையை எடுத்து அவர் வாயருகே பிடிப்பார்.

நம்மில் பலருக்கும் பழக்கமான காட்சி இது. அந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது, அந்தக் கோப்பை விடயத்தில் நாம் என்ன செய்ய வேண்டும் ஆகிய இரண்டையும் இவ்விதழில் பார்ப்போம்.

மின்சாரம் எப்படி வேலை செய்கிறது?

நமது மூளை தசைகளுக்கு அனுப்பும் கட்டளைகள் நரம்புகள் வழியே மிகச் சிறிய மின் சைகைகளாகவே செல்கின்றன. தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் கல்வானி, தனது முடிவுகளை 1791இல் வெளியிட்டார். இன்றைய மின்தூண்டல் கருவிகளின் அடிப்படையும் அதுவே. தோலில் ஒட்டப்படும் இரண்டு ஒட்டுத்தகடுகள் வழியாகச் சிறு மின்துடிப்புகள் நரம்பைத் தூண்டுகின்றன. நரம்பு தூண்டப்பட்டதும் தசை சுருங்குகிறது.

பாரிசவாதத்தில் பழுதடைவது மூளையின் ஒரு பகுதி. கையிலுள்ள நரம்பும் தசையும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். ஆகவே வெளியிலிருந்து தூண்டினால் தசை அசையும். ஆனால் விபத்திலோ போர்க்காயத்திலோ நரம்பே அறுந்திருந்தால், வழக்கமான கருவியால் அந்தத் தசையை அசைக்க முடியாது. ஒருவருக்குப் பயன்பட்ட கருவி இன்னொருவருக்குப் பயன்படாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மூன்று வகைகள்

"கரண்ட் பிடித்தல்" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறுபட்ட சிகிச்சைகள் அடங்கியுள்ளன.

1. டென்ஸ்: இது வலிக்கானது. தசையை வலுப்படுத்தாது. உணர்ச்சி நரம்புகளை மெல்லத் தூண்டி, வலிச் செய்தி மூளைக்குச் செல்வதைத் தணிக்கிறது. மெல்சாக், வோல் ஆகிய இருவர் 1965இல் வெளியிட்ட "வாயில் கொள்கை" இதற்கு அடிப்படையானது. பலர் ஒரே நேரத்தில் ஒரு வாசலால் நுழைய முயன்றால் நெரிசலில் சிலர் வெளியே நிற்க வேண்டிவரும் அல்லவா? அதுபோலத்தான். இதனால் வரும் ஆறுதல் பெரும்பாலும் தற்காலிகமானது. சுத்திகரிப்பு வேலை, சமையல் வேலை என்று உழைத்து இடுப்பு வலியோடு வாழும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல், நாட்பட்ட இடுப்பு வலிக்கு டென்ஸை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சிக்கே அது முக்கிய இடம் கொடுக்கிறது.

2. தசை மின்தூண்டல்: தசையைச் சுருங்கச் செய்வது. முழங்கால் அறுவைச் சிகிச்சையின் பின் மெலிந்துபோன தொடைத் தசைக்கும், பாரிசவாதத்தின் பின் தொங்கும் மணிக்கட்டுக்கும் இது பயன்படுகிறது. தளர்ந்த தோள்மூட்டு கீழே இறங்காமல் காக்க ஆரம்ப நாட்களிலேயே இதைப் பயன்படுத்துவதும் உண்டு. மின்சாரத்தால் சுருங்கும் தசை, நாமாக அசைக்கும் தசையைவிட விரைவில் களைத்துவிடும். எனவேதான் சில வினாடிகள் தூண்டி, அதைவிட நீண்ட நேரம் ஓய்வு கொடுக்கிறார்கள். "கூட நேரம் பிடித்தால் கூடப் பலன்" என்பது தவறான எண்ணம்.

3. செயல்சார் மின்தூண்டல்: ஒரு செயலைச் செய்யும் கணத்திலேயே தசையைத் தூண்டுவது. பாரிசவாதத்தின் பின் சிலருக்கு நடக்கும்போது பாதம் தூக்க வராது. விரல்நுனி கம்பளத்திலும் படியிலும் தடக்கும். ஒஸ்லோவின் பனிக்காலத்தில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக உள்ள நரம்பைக் காலடி எடுக்கும் கணத்தில் தூண்டினால் பாதம் மேலெழும். லிபர்சன் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 1961இலேயே இம்முறையை வெளியிட்டனர். பாதத்தைத் தாங்கும் சாதாரண பிளாஸ்டிக் பட்டையுடன் ஒப்பிட்ட ஆய்வுகளில் நடைவேகத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே பட்டை கொடுத்தால் "எங்களுக்கு மலிவானதைத் தந்துவிட்டார்கள்" என்று மனம் வருந்த வேண்டியதில்லை.

கருவி மட்டும் போதுமா?

போதாது. நாம் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான். பாரிசவாதத்தின் பின் மூளை புதிய வழிகளைப் பழகிக்கொள்ள வேண்டும். அது பழகுவது, நோயாளி தானாக முயன்று, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மட்டுமே. தொலைக்காட்சி பார்த்தபடி கையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு இருந்தால் தசை அசையும், மூளை பெரிதாக எதையும் கற்றுக்கொள்ளாது. கருவி மணிக்கட்டை உயர்த்தும் அதே கணத்தில் "நான் உயர்த்துகிறேன்" என்று அவரும் முயல வேண்டும். நோயாளியின் தசையில் எழும் மிக நுண்ணிய முயற்சியைக் கண்டறிந்து, அதன் பின்னரே மின்சாரம் கொடுக்கும் கருவிகளும் உள்ளன. அவர் முயலாவிட்டால் அவை வேலை செய்யா.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அடி என்பது அந்தத் தேநீர்க் கோப்பையை எடுக்கும் முயற்சி. நாம் ஓடிப்போய் உதவும் ஒவ்வொரு முறையும், அன்பினாலேயே ஒரு பயிற்சியைப் பறித்துவிடுகிறோம். அப்பாவுக்குச் சோறு ஊட்டிவிடுவதும், அம்மாவுக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிவிடுவதும் நம் வழக்கத்தில் கடமை. ஆனால் இந்த நோயில் பொறுத்திருந்து பார்ப்பதும் பெரிய கடமையே.

நோர்வேயில் எங்கே கேட்பது?

ஒஸ்லோவிலிருந்து படகில் செல்லக்கூடிய தூரத்தில், நேசொடனில் உள்ள சுன்னாஸ் மருத்துவமனை 1954இல் தொடங்கப்பட்டது. பாரிசவாதம், மூளைக் காயம், முதுகுத்தண்டுக் காயம் போன்றவற்றுக்கான சிறப்பு மறுவாழ்வுச் சிகிச்சை அங்கே கிடைக்கிறது. அங்கு செல்ல வைத்தியரின் பரிந்துரை வேண்டும்.

கொம்யூனேயுடன் ஒப்பந்தமுள்ள பிசியோதெரபிஸ்டிடம் செல்ல 2018 முதல் வைத்தியரின் கடிதம் தேவையில்லை. காத்திருக்க வேண்டி வரலாம். ஆகவே நேரத்தோடு பெயர் பதியுங்கள். அங்கு செலுத்தும் பங்குக் கட்டணம் ப்ரீகோர்ட்டுக்கான கணக்கிலும் சேரும். வீட்டுக்கே வந்து அன்றாட வேலைகளைப் பயிற்றும் மறுவாழ்வுச் சேவை பற்றி உங்கள் நகரப் பிரிவில் கேளுங்கள். "உங்களுக்கு எது முக்கியம்?" என்பதே அங்கு கேட்கப்படும் முதற்கேள்வி. "கையால் சோறு பிசைந்து சாப்பிட வேண்டும்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அது நல்ல இலக்கு.

மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 2022 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, தேவைப்படும் இடத்தில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்வது பொதுத்துறையின் பொறுப்பு. பிள்ளைகளை அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கீழ்க்கண்டவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் எந்த மின்தூண்டல் கருவியையும் பயன்படுத்தக் கூடாது.

- இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது அதிர்ச்சி கொடுக்கும் கருவி பொருத்தியவர்கள்
- கர்ப்பிணிகள்
- வலிப்பு நோய் உள்ளவர்கள்
- காலில் இரத்தக்கட்டி உள்ளவர்கள்
- புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள்

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம்மவரிடையே இந்நோய் அதிகம் என்பது தெரிந்ததே. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், மின்சாரம் கூடித் தோல் புண்பட்டாலும் தெரியாமற் போகலாம். பாரிசவாதத்தால் உணர்ச்சி இழந்த பக்கத்துக்கும் இது பொருந்தும்.

வீட்டில் பயன்படுத்தும்போது

- முதல் முறை பிசியோதெரபிஸ்டின் முன்னிலையில் செய்து, தகடு ஒட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
- தோலைக் கழுவித் துடையுங்கள். நல்லெண்ணெய், சித்தாலேப போன்றவை பூசிய தோலில் ஒட்ட வேண்டாம்.
- கழுத்தின் முன்பக்கம், கண், நெஞ்சு, புண்பட்ட தோல் ஆகிய இடங்களில் ஒட்ட வேண்டாம்.
- குளிக்கும்போதும், வாகனம் ஓட்டும்போதும், உறங்கும்போதும் பயன்படுத்த வேண்டாம்.
- முடிந்ததும் தோலைப் பாருங்கள். சிறு சிவப்பு விரைவில் மறையும். மறையாவிட்டாலோ எரிந்தாலோ நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.
- விலை கொடுத்து வாங்குமுன், இந்தக் கருவி இவருக்குப் பொருந்துமா, இரவலாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

முடிவாக

மின்தூண்டல் ஏமாற்று வித்தையுமல்ல, மந்திரமுமல்ல. சரியான ஆளுக்கு, சரியான இடத்தில், பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் அது நல்ல துணை.

அடுத்த முறை அந்த ஐயாவைப் பார்க்கப் போகும்போது, கோப்பையில் ஆறிய தேநீரைப் பாதியளவு ஊற்றி, அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். கொஞ்சம் சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.