குடற்புண்ணும் கூழ்மருந்தும்

கிராமத்தின் முதற்செல்வம் உழைப்பாகும். அவ்வுழைப்பை ஓசையின்றிக் குறைக்கும் நோய்களுள் குடற்புண் ஒன்று. திருமழிசையிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வயலுக்கோ தொழிற்பேட்டைக்கோ விடியலில் புறப்படுவோர், வெறும் வயிற்றில் வலி மாத்திரையை விழுங்கிச் செல்வதுண்டு. மேல்வயிறு எரிந்தால் ஒரு சோடாவுடன் அதை மறந்துவிடுவர். இது தகாது.

புண் உண்டாவது ஏன்?

உணவைச் செரிக்க இரைப்பையில் கடுமையான அமிலம் சுரக்கிறது. அவ்வமிலம் இரைப்பையையும், அதை அடுத்துள்ள சிறுகுடலின் முதற்பகுதியையும் அரித்துவிடாமல் வழுவழுப்பான சளிப்படலம் காக்கின்றது. அப்படலம் கெட்ட இடத்தில் புண் தோன்றுகிறது.

காரமும் கவலையுமே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் எண்ணினர். 1982-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் மருத்துவர்கள், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டறிந்தனர். இக்கிருமியும் வலி மாத்திரைகளுமே முக்கியக் காரணங்கள் என்பது பின்னர் உறுதியாயிற்று. அவ்விருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர்.

தென்னாட்டிற்கு இந்நோய் புதிதன்று. எவரெஸ்ட் சிகரம் ஏற 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் சென்ற குழுக்களில் இருந்த டாக்டர் சாமர்வெல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் பல குடற்புண் நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். இன்று பெரும்பாலோருக்குக் கத்தி வேண்டியதில்லை, மருந்தே போதும்.

கூழ்மருந்தின் வேலை

சுக்ரால்ஃபேட் என்னும் மருந்து, சர்க்கரைப் பொருளுடன் அலுமினியம் சேர்ந்தது. அமிலத்தில் பட்டதும் இது பசைக்கூழாகிப் புண்ணின்மேல் ஒட்டிக்கொள்கிறது. அப்போர்வையின் கீழ்ப் புண் ஆறுகிறது. ஆகவேதான் இதை உணவுக்கு முன் வெறும் வயிற்றில் உண்ணச் சொல்கின்றனர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முன்னரே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

இன்னும் சிறந்த கூழ்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர். பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட், இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான், விலங்குத் தோலிலிருந்து கொலாஜன் ஆகியவை கிடைக்கின்றன. இவற்றாலான கூழ்கள் புண்ணில் நெடுநேரம் ஒட்டியிருந்து, மருந்தைச் சிறிது சிறிதாக வெளியிடவல்லவை. குடற்புண்ணைப் பொறுத்தவரை இம்முயற்சிகளிற் பல இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன.

நண்டு வளையை மறவாதீர்

வரப்பு உடைந்தால் களிமண் வைத்து அடைக்கிறோம். நண்டு வளையை விட்டுவைத்தால் வரப்பு மறுபடியும் உடையும். கூழ்மருந்து அக்களிமண் போன்றது. கிருமி இருக்கிறதா என்று சோதித்து, இருப்பின் மருத்துவர் குறிக்கும் மருந்துகளைக் குறித்த நாள்வரை உண்ண வேண்டும். இது பெரும்பாலும் 14 நாட்களாகும். எரிச்சல் தணிந்ததும் பாதியில் நிறுத்தலாகாது. மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை உண்ணும் வழக்கத்தையும் விட வேண்டும்.

மலம் தார்போலக் கறுத்தல், இரத்த வாந்தி, திடீரெனக் கடும் வலியுடன் வயிறு பலகைபோல் இறுகுதல் ஆகியவை அபாயக் குறிகள். இவற்றுள் ஒன்று கண்டாலும், அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

இக்கிருமி ஒருவர் வாயிலிருந்து மற்றவருக்கும், அசுத்தமான நீர், உணவு வழியாகவும் பரவக்கூடும். ஆதலின் மேல்நிலைத் தொட்டியைக் காலந்தவறாது கழுவிக் குளோரின் இடுதல், குழாய்க் கசிவை அடைத்தல், கழிப்பிடங்களைப் பயன்படுத்தச் செய்தல் ஆகியவை நோய்த்தடுப்புப் பணிகளே ஆகும். வயிற்றெரிச்சல் நீடிப்போரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பிவைப்பதும் உறுப்பினர்களின் தொண்டாகட்டும். புண்ணை ஆற்றுவது மருத்துவர் கையில். அது வராமற் காப்பது பெரிதும் நம் கையில்.