அஞ்சும் நாயை அணுகுதல்

நுழையுமுன்

தெருநாயைக் கண்டால் விலகிச் செல்வோர் உண்டு. கையிலிருக்கும் பிஸ்கட்டைப் பிட்டுப் போடுவோரும் உண்டு. இவ்விரு சாராரும் அல்லாத வேறு சிலரும் நம் நகரில் வாழ்கின்றனர். நோயுற்றும் கைவிடப்பட்டும் கிடக்கும் நாயை அவர்கள் தம் இல்லத்திற்குக் கொண்டு செல்வர். அதன் உடலும் உள்ளமும் தேறும்வரை பேணுவர். பின்னர் அதை நல்லதொரு குடும்பத்திடம் ஒப்படைப்பர். இப்பணியை இடைக்கால வளர்ப்பு எனலாம். அது நடைபெறும் முறையையும் அதற்குப் பின்னாலுள்ள வரலாற்றையும் இப்பாடத்தில் காண்போம்.

நாய்களுக்காக எழுந்த நகரம்

நாய்களின் பொருட்டு மும்பையில் ஒரு கலகமே மூண்டது என்றால் நம்புவீர்களா? 1832ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் நாள் அது தொடங்கியது. அப்போது இந்நகரின் பெயர் பம்பாய். ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியினுடையது. உரிமையாளர் இல்லாத நாய்களை ஆண்டுதோறும் குறிப்பிட்ட சில வாரங்களில் கொல்லலாம் என்று ஆணை இருந்தது. அவ்வாண்டில் அக்கால அளவு நீட்டிக்கப்பட்டது. கொல்லப்படும் நாய் ஒன்றுக்கு எட்டணா வெகுமதி. எட்டணா என்பது அரை ரூபாய். அந்நாளில் அது சிறு தொகையன்று. ஆகவே, காவலர் சிலர் வீட்டு வாசலில் படுத்திருந்த வளர்ப்பு நாய்களையும் இழுத்துச் செல்லத் தலைப்பட்டனர்.

பார்சி மக்கள் பொங்கி எழுந்தனர். அவர்களுடைய சமயத்தில் நாய் தூய உயிராகப் போற்றப்படுகிறது. இறந்தவரின் உடலருகே நாயைக் கொணர்ந்து பார்க்கச் செய்யும் சடங்கும் அவர்களிடம் உண்டு. மறுநாள் இந்துக்களும் சமணர்களும் முஸ்லிம்களில் ஒரு பிரிவினரும் உடன் சேர்ந்தனர். கடைகள் அடைக்கப்பட்டன. படைவீரர்க்குச் செல்லவேண்டிய உணவுப் பொருள்களும் தடைப்பட்டன. அரசு படையைக் கொண்டு கலகத்தை அடக்கியது, பலர் சிறைப்பட்டனர். ஆயினும், நாய்களைக் கொல்லாமல் நகருக்கு வெளியே கொண்டு விடலாம் என்ற இணக்கம் முடிவில் ஏற்பட்டது. மாட்டுங்காவை ஒட்டியுள்ள தாதர் பார்சி காலனியின் மரநிழலில் நாய்கள் அச்சமின்றி உறங்குவதைக் கண்டிருப்பீர்கள். அடுத்த முறை காணும்போது இந்நிகழ்ச்சி உங்கள் நினைவிற்கு வரக்கூடும்.

1874ஆம் ஆண்டில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் பம்பாயில் நிறுவப்பட்டது. அதன் தொடர்ச்சியாகப் பரேல் பகுதியில் விலங்குகளுக்கென ஒரு மருத்துவமனை உருவாயிற்று. பார்சிச் செல்வரான தின்ஷா மானெக்ஜி பெட்டிட் அதற்குப் பெருங்கொடை அளித்தார். அம்மருத்துவமனை அவருடைய துணைவியார் சக்கர்பாயின் பெயரைத் தாங்கி இன்றும் இயங்குகிறது.

சென்னையில் இரு நாய்க்குட்டிகள்

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான ஒரு வரலாறு உண்டு. கேப்டன் வி. சுந்தரம் ஒரு விமானி. அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெண் விமானிகளுள் ஒருவர். இத்தம்பதியர் 1951ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானம் ஒன்றை ஏறத்தாழ 27 மணி நேரத்தில் ஓட்டி வந்து சாதனை படைத்தவர்கள். அத்தகைய சுந்தரம் 1959ஆம் ஆண்டு மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டிற்குக் கொண்டு வந்தார். அந்த வீட்டிலிருந்தே ‘புளூ கிராஸ்’ அமைப்பு பிறந்தது. வானில் நிகழ்த்திய சாதனையைவிட, தெருவில் இறங்கி அவர் செய்த இச்செயலே இன்று பெரிதும் நினைக்கப்படுகிறது.

நாய்களைக் கொல்வதால் அவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை என்பதைப் புளூ கிராஸ் எடுத்துரைத்தது. ஒரு தெருவின் நாய்களை அகற்றினால், அங்கு மிஞ்சும் உணவுக்காகப் பக்கத்துத் தெருவின் நாய்கள் வந்து சேரும். அவை மீண்டும் பெருகும். மாறாக, நாய்க்கு அறுவை மருத்துவத்தால் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விட்டால், அத்தெரு புதிய நாய்களுக்கு இடங்கொடாது. 1964இல் அவ்வமைப்பு தொடங்கிய இம்முறை, 2001ஆம் ஆண்டில் நாடு முழுமைக்குமான விதியாயிற்று. செம்பூரிலோ தாராவியிலோ ஒரு நாயின் காது நுனியில் சிறு வெட்டு இருக்கக் கண்டால், அது காயமன்று. கருத்தடை முடிந்ததற்கான அடையாளம்.

விலங்குகளுக்காகச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் முதலில் வாதாடியவரும் ஒரு தமிழ்ப் பெண்மணியே. மதுரையில் பிறந்து, கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது அவர் கொணர்ந்த தனிநபர் மசோதாவே, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திற்கு வழி திறந்தது. வளர்ப்பு விலங்கைத் தெருவில் கைவிடுதல், போதிய உணவும் நீரும் தராதிருத்தல், நெடுநேரம் குறுகிய சங்கிலியில் கட்டிவைத்தல் ஆகியவை அச்சட்டப்படி குற்றங்கள். ஆனால், முதன்முறை செய்யும் குற்றத்திற்கு அச்சட்டம் குறித்த தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான். இக்காலத்தில் ஐம்பது ரூபாய்க்கு இரண்டு மூன்று வடாபாவ் கிடைக்கும். ஓர் உயிரைப் பட்டினி போட்டதற்கு இது போதுமா என்பதை வகுப்பில் விவாதிக்கலாம்.

மெல்லத் திறக்கும் கதவு

இனி, நாய் ஒன்று மீளும் வழியைக் காண்போம். கைவிடப்பட்ட நாய் என்றதும் தெருவில் பிறந்த நாயே நினைவிற்கு வரும். ஆனால், தெருவிலேயே பிறந்து வளர்ந்த நாய் அங்கு வாழக் கற்றிருக்கும். வீட்டில் வளர்ந்து, பின்னர் துரத்தப்பட்ட நாயின் நிலைதான் மிகவும் இரங்கத்தக்கது. பனிநாட்டுக்குரிய அடர்ந்த உரோமமுடைய நாயைப் பெருமைக்காக வாங்கி, மும்பையின் புழுக்கத்தில் அது நோயுற்றதும் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுச் செல்வோரும் உள்ளனர். நம் நாட்டு நாய்க்கு ஆங்கில நூல்கள் முன்பு இட்ட பெயர், தமிழ்ச் சமூகம் ஒன்றின் பெயரை இழிவுபடுத்துவதாக அமைந்தது. அப்பெயரைக் கைவிட்டு ‘இண்டி’ என்று இப்போது வழங்குகின்றனர். இது நல்ல மாற்றம்.

குட்டியாக இருந்தபோது கட்டிய கயிற்றை எவரும் தளர்த்தாமையால், கழுத்துச் சதைக்குள் கயிறு புதைந்துவிட்ட ஒரு நாயை எண்ணிப் பாருங்கள். மீட்போர் இத்தகைய நாய்களை அடிக்கடி காண்கின்றனர். விலா எலும்புகள் எண்ணும்படி தெரியும். சொறியால் உரோமம் உதிர்ந்திருக்கும். காதுகளில் உண்ணிகள் மொய்த்திருக்கும். இந்நிலையில் இரக்கம் மிகுந்தோர் செய்யும் முதற்பிழை, வயிறு புடைக்கச் சோறிடுவது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென மிகுந்த உணவு தந்தால், இரத்தத்திலுள்ள உப்புச்சத்துகளின் அளவு குலையும். இதயம் பழுதுற்று உயிர் போகவும் கூடும். ஆகவே, கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி, சிறிது சிறிதாக, ஒரு நாளில் பலமுறை பிரித்து உணவளிப்பர். குழைந்த சோறும், உப்பும் மசாலாவும் சேர்க்காத வேகவைத்த கோழிக்கறியும் ஏற்றவை. நம் வீட்டுச் சாம்பார் சோறு அன்பின் அடையாளந்தான்; ஆயினும் அதிலுள்ள வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூண்டு, சாக்லேட், திராட்சை ஆகியவையும் நாய்க்கு நஞ்சாகும்.

கழுத்துப் புண் சில வாரங்களில் ஆறும். சொறி மருந்தால் நீங்கும். உதிர்ந்த உரோமம் மீண்டும் முளைக்கும். அச்சம் அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை. கை உயர்ந்தாலே அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய்க்கு, தடவ வரும் கையும் அடிக்க வரும் கையும் ஒன்றே. புதிய வீட்டில் அது கட்டிலுக்கு அடியில் பதுங்கும். எவரும் பார்க்கும்போது உண்ணாது. இரவில் அனைவரும் உறங்கிய பின் வந்து தட்டை நக்கும். அப்போது அதை வெளியே இழுப்பதும் வாரி அணைப்பதும் கூடா. அதற்கென ஒரு மூலை, ஒரு பழைய கோணிச்சாக்கு, ஒரு கிண்ணம் நீர், நாள்தோறும் மாறாத உணவு நேரம் ஆகியவை போதும். ஒற்றையறை வீட்டிலும் ஒரு மூலை இருக்கும். பட்டறிவு மிக்கோர் மூன்று என்ற எண்ணை நினைவில் கொள்வர்: சூழலைக் கண்டு திகைப்பு நீங்க மூன்று நாள், வீட்டின் ஒழுங்கு பழக மூன்று வாரம், இது தன் வீடு என்று நம்ப மூன்று மாதம். இது தோராயக் கணக்கே. சில நாய்களுக்கு ஓராண்டும் போதாது.

நாய்க்குப் பேச்சில்லை, ஆனால் அதற்கு மொழி உண்டு. வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குதல், காதுகளைப் பின்னோக்கி மடித்தல், உணவு இல்லாதபோதும் உதட்டை நக்குதல், உறக்கமின்றியே கொட்டாவி விடுதல், கண்ணின் வெண்மை தெரிய ஓரமாக நோக்குதல் ஆகியவை ‘எனக்கு அச்சமாக இருக்கிறது’ என்னும் பொருளுடையன. உறுமலும் அம்மொழியில் ஒரு சொல்லே. உறுமியதற்காக நாயை அடித்தால், அது உறுமுவதை நிறுத்திவிடும். அடுத்த முறை எச்சரிக்கை செய்யாமலே கடிக்கும். எனவே, உறுமும் நாயிடமிருந்து மெல்லப் பின்வாங்குவதே அறிவுடைமை.

அஞ்சும் நாயின் முன் நேராக நிற்றலும், அதன் கண்களை உற்று நோக்குதலும், தலைமேல் கை வைத்தலும் ஆகாதவை. சற்றுத் தொலைவில், பக்கவாட்டில் திரும்பி, தரையில் அமர்தல் வேண்டும். அருகே வருவதா வேண்டாவா என்பதை நாயே முடிவு செய்யட்டும். அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில், விலங்குக் காப்பகத்தின் கூண்டுகளுக்கு முன் சிறுவர்கள் அமர்ந்து கதைப் புத்தகத்தை உரக்கப் படிக்கும் திட்டம் ஒன்று உண்டு. பின்சுவரை ஒட்டி நடுங்கிக் கிடந்த நாய்கள், மென்மையான அக்குரலைக் கேட்டுக் கேட்டு, கூண்டின் முன்பக்கம் வந்து அமரத் தொடங்கின. தமிழை உரக்கப் படிக்கக் கூசுவோர் இதைக் கருத்தில் கொள்ளலாம். பிழையைச் சுட்டிச் சிரிக்காத கேட்போர் கிடைப்பது அரிது.

மும்பையில் மிகக் கடினமான காலம் விநாயகர் திருவிழாவின் பத்து நாள்களும் தீபாவளியுமே. முரசொலிக்கும் வெடியோசைக்கும் அஞ்சி, தேறி வந்த நாயும் மீண்டும் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடும். சன்னலை மூடி, மின்விசிறியை ஓடவிட்டு, வானொலியை மெல்ல ஒலிக்கச் செய்வர். அந்நாள்களில் கதவு திறந்திருந்தால் நாய் வெளியே ஓடிக் காணாமற் போவதும் நேரும்.

ஒரு செய்தியை மறைக்காமல் கூறுதல் வேண்டும். நாய்களைப் பேணும் பணி பெரியவர்களின் துணையின்றிச் சிறுவர் தனியே செய்வதற்குரியதன்று. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் பிழைத்தோர் மிக மிகச் சிலரே. ஆனால், உரிய நேரத்தில் ஊசி இட்டால் அந்நோய் வராமலே தடுக்கலாம். 1885இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அம்மருந்தை முதன்முதலில் இட்டுக் காத்தார். நீலகிரியிலுள்ள குன்னூரில் அவர் பெயரால் 1907இல் தொடங்கப்பட்ட நிறுவனம், அம்மருந்தை நெடுங்காலம் தயாரித்தது. நாய் கடித்தாலோ கீறினாலோ, அவ்விடத்தை வழலைக்கட்டியும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் தடவுதல் தீங்கு. மருத்துவர் குறிக்கும் நாள்களில் எல்லா ஊசிகளையும் தவறாது போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் திட்டுவார்களே என்று அஞ்சிக் கடியை மறைத்த சிறுவர் பலர் உயிரிழந்துள்ளனர்.

ஒப்படைக்கும் நாள்

நாய் தேறியதும் அதற்கு நிலையான இல்லம் தேடுவர். வேண்டுவோர் அனைவர்க்கும் கொடுத்துவிடுவதில்லை. வீட்டிலுள்ளோர் எல்லாரும் இசைகின்றனரா, வாடகை வீடாயின் வீட்டுக்காரர் ஒப்புகின்றாரா, விடுமுறையில் ஊருக்குச் சென்றால் நாயை யார் பார்ப்பர் என்றெல்லாம் வினவுவர். மே மாதத்தில் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு இரயில் ஏறும் நம்மவர்க்கு இக்கடைசி வினா மிகவும் பொருந்தும்.

இடைக்காலம் வளர்த்த வீட்டிற்கு அந்நாள் எளிதானதன்று. கட்டிலடியிலிருந்து முதன்முதலாகத் தலை நீட்டியதையும், முதன்முறை வாலாட்டியதையும் கண்ட குழந்தைகள் அழுவர். சில வீடுகள் பிரிய மனமின்றி நாயைத் தாமே வைத்துக்கொள்ளும். அவ்வீட்டில் அடுத்த நாய்க்கு இடமிராது. வேறு சில வீடுகள் கோணிச்சாக்கைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, மூலையில் மீண்டும் விரித்து வைக்கும்.

சொல்லும் பொருளும்

தண்டம் – அபராதம்
வழலைக்கட்டி – சோப்பு
பட்டறிவு – அனுபவம்
உண்ணி – விலங்கின் உடலில் ஒட்டிக் குருதி உறிஞ்சும் பூச்சி

பயிற்சி

1. பட்டினி கிடந்த நாய்க்கு உடனே வயிறு நிறைய உணவளித்தல் ஏன் தீங்காகும்?
2. உறுமும் நாயை அடிப்பதால் நேரும் விளைவு யாது?
3. ‘கைவிடு’, ‘கைகொடு’, ‘கைக்கொள்’ ஆகியவற்றைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.
4. உங்கள் தெருவில் காது நுனியில் வெட்டுடைய நாய்கள் எத்தனை உள்ளன? ஒரு வாரம் தொலைவிலிருந்து நோக்கிப் பத்து வரிகள் எழுதுக.
5. ஊரிலிருக்கும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ, அவர்கள் காலத்தில் வீட்டில் வளர்ந்த நாயைப் பற்றி வினவி ஒரு மடல் எழுதுக.