கிண்டிலில் சார்ஜ் நிற்கவில்லையா? பேட்டரியைக் குறை சொல்லும் முன்…

"வாங்கின புதுசுல மூணு வாரம் வந்துச்சு, இப்ப நாலு நாள்கூட நிக்கல." கிண்டில், கோபோ போன்ற மின்னூல் வாசிப்புக் கருவி வைத்திருப்பவர்கள் பலர் இப்படிப் புலம்புகிறார்கள். பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டிக் கருவியையே ஒதுக்கிவிடுபவர்களும் உண்டு. நன்றாக ஓடும் கருவி இப்படிக் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. உள்ளே ஏதாவது வேலை ஓடிக்கொண்டிருக்கலாம், சதவீதம் தப்பாகக் காட்டலாம், பேட்டரி நிஜமாகவே தேய்ந்திருக்கலாம். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சின்னக் கணக்கு. 2021இல் வந்த கிண்டில் பேப்பர்வைட்டுக்கு 10 வாரம் சார்ஜ் நிற்கும் என்று அமேசான் சொன்னது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் வாசிப்பு, வைஃபை அணைப்பு, லைட் 13ஆம் அளவில் என்பது அதன் நிபந்தனை. 70 நாள், தினம் அரை மணி என்றால் மொத்தம் 35 மணி நேரம்தான். தினமும் மூன்று மணி நேரம் வாசிப்பவருக்குப் பன்னிரண்டு நாள்கூட வராது. லைட்டைக் கூட்டி வைத்தால் இன்னும் குறையும். எனவே வாரக் கணக்கை விட்டுவிட்டு, ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம் வாசிக்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள்.

அடுத்து ஓர் இரவுச் சோதனை. படுக்கும்போது ஏர்பிளேன் மோடைப் போட்டு, சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, கருவியை மூடி வைத்துவிடுங்கள். காலையில் ஒன்றிரண்டு சதவீதம் குறைந்திருந்தால் கவலை வேண்டாம். பத்துக்கு மேல் இறங்கியிருந்தால், நீங்கள் தூங்கியபோது கருவி தூங்கவில்லை. கிண்டிலில் இதற்குப் பெரும்பாலும் இன்டெக்ஸிங்தான் காரணம். தேடும் வசதிக்காக, புதிதாக ஏற்றிய ஒவ்வொரு நூலையும் சொல் சொல்லாகப் படித்துப் பட்டியல் போடும் வேலை அது. இலவசத் தமிழ் மின்னூல் தளங்களான மதுரைத் திட்டத்திலிருந்தும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸிலிருந்தும் நூறு புத்தகங்களை ஒரே மூச்சில் ஏற்றியிருந்தால், சார்ஜரில் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். அதன் பிறகும் இறக்கம் நிற்கவில்லையென்றால், ஏதோ ஒரு கோப்பு கெட்டுப்போய் இன்டெக்ஸிங் அதிலேயே சிக்கியிருக்கக்கூடும். கடைசியாக ஏற்றியவற்றை நீக்கிவிட்டு, பவர் பட்டனை 40 விநாடி அழுத்திப் பிடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு நாலைந்து நூல்களாகப் பிரித்து ஏற்றுங்கள். ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃப்களும் பக்கத்துக்குப் பக்கம் பிராசஸரை வேலை வாங்குபவைதான்.

இரவு இறக்கம் இல்லை, ஆனால் 40 காட்டிய இடத்தில் திடீரென்று 15 காட்டுகிறது என்றால் சந்தேகம் அளவுமானியின் மேல். பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்க்க வழியில்லை. மின்னழுத்தத்தை வைத்தும், வெளியே போன மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்தும் போடும் மதிப்பீடுதான் அந்தச் சதவீதம். லித்தியம் பேட்டரி நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட். நடுவில் நெடுநேரம் 3.7ஐ ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் மளமளவென்று சரியும். கேஸ் சிலிண்டர் முடியும் நாள்வரை அடுப்பு ஒரே மாதிரி எரிந்து சட்டென்று அணைவதைப் போலத்தான் இதுவும். பாதிப் பாதியாகவே சார்ஜ் போட்டு வந்தால் இந்த மதிப்பீடு மெல்ல மெல்லப் பிசகும். சரிசெய்ய, முழுக்கச் சார்ஜ் ஏற்றி, வழக்கம்போல வாசித்து 5, 10 சதவீதம் வரை இறக்கி, மறுபடி இடைவிடாமல் முழுக்க ஏற்றுங்கள். இது அளவுமானிக்கான வைத்தியம். பேட்டரிக்கு இதனால் பலம் கூடாது. அடிக்கடி அடிமட்டம்வரை இறக்குவது லித்தியம் பேட்டரிக்குக் கெடுதல். அந்தப் பழக்கம் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்தோடு போகட்டும்.

அடியோடு சார்ஜ் தீர்ந்து, சார்ஜரில் போட்டும் விளக்குகூட எரியவில்லையா? மிகவும் இறங்கிவிட்ட பேட்டரிக்கு முதலில் மிகக் குறைந்த மின்சாரம்தான் ஏற்றப்படும். கணினியை நம்பாமல் சுவர் அடாப்டரில், வேறு நல்ல கேபிளில் சில மணி நேரம் விட்டுவைத்து, பிறகு அந்த 40 விநாடி அழுத்தத்தை முயலுங்கள்.

இத்தனைக்கும் மசியாமல், குறித்து வைத்த மணிக்கணக்கும் பாதிக்குக் கீழே போயிருந்தால் பேட்டரி தேய்ந்துவிட்டது. 2007இல் வந்த முதல் கிண்டிலில் பின்மூடியைக் கழற்றி நாமே பேட்டரியை மாற்றலாம். 2009இல் வந்த இரண்டாம் கிண்டிலிலேயே அந்த வசதி போய்விட்டது. இன்று பல கருவிகளைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். நெம்பும்போது கண்ணாடித் திரை விரிசல்விட்டால் எல்லாம் வீண். கை பழகியவரிடம் கொடுப்பதே நல்லது. கோபோ 2024இல், பழுதுபார்ப்பு வழிகாட்டிகள் தரும் ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து பழுதுபார்க்க வழிசெய்தது நல்ல மாற்றம். 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்ற முடிய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. நம் ஊர் வாசகருக்கும் இந்த உரிமை வேண்டும்.

திரை உப்பியிருந்தாலோ பின்பக்கம் பிளந்து நின்றாலோ மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது. குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள்.

கருவி நன்றாக இருந்து, சில மாதம் வாசிக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் அணைத்து வையுங்கள். வெயிலில் நிற்கும் காரோ, ஓட்டுக்கடியில் கொதிக்கும் பரணோ வேண்டாம். அலமாரியின் கீழ்த்தட்டு போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் மறுபடி பாதிவரை ஏற்றி வையுங்கள்.