நிறுத்துவது வேறு, முடக்குவது வேறு: கமாண்ட் லைனில் டிரைவர்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் டிரைவர் என்ற சொல்லைப் பிரிண்டருடன் சேர்த்துத்தான் நீங்கள் கேட்டிருப்பீர்கள். பிரிண்டர் பேசுவது விண்டோஸுக்குப் புரியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று பேசிக் கொடுக்கும் புரோகிராம்தான் டிரைவர். இதே பெயரில் இன்னொரு வகை டிரைவரும் உண்டு. அது கருவிகளை இணைப்பதில்லை. ஆட்களின் பட்டியல்களை இணைக்கிறது. மதுரையில் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, இந்த டிரைவரில் ஒரு தவறு செய்தேன். அதில் கற்ற பாடத்தை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பத்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம்.

எதற்கு இந்த டிரைவர்?

ஒரு பெரிய நிறுவனத்தில் ஓர் ஊழியரின் பெயர் எத்தனை இடங்களில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, ஈமெயில், கம்ப்யூட்டரில் லாக் ஆன் செய்வதற்கான பட்டியல் என நான்காவது தேறும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் நான்கிலும் சேர்க்க வேண்டும். விலகினால் நான்கிலும் நீக்க வேண்டும். கையால் செய்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். ஆகவே நடுவில் ஒரு மையப் பட்டியலை வைத்து, மற்ற ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு டிரைவரை அமைப்பார்கள். மையத்தில் செய்த மாற்றத்தை டிரைவர் அங்கே கொண்டு சேர்க்கும். அங்கே நடந்த மாற்றத்தை மையத்துக்குக் கொண்டுவரவும் செய்யும். இதற்கு அடையாள ஒத்திசைவு என்று பெயர்.

இந்த வேலைக்கு நன்கு அறியப்பட்ட தொகுப்புகளில் ஒன்று நாவெல் நிறுவனத்தின் ஐடென்டிட்டி மேனேஜர். முதலில் டிர்எக்ஸ்எம்எல் என்ற பெயரில் வந்தது. நாவெல் நிறுவனம் 2011ல் அட்டாச்மேட் வசமும், பிறகு 2014ல் மைக்ரோ ஃபோகஸ் வசமும், 2023ல் ஓபன்டெக்ஸ்ட் வசமும் போனது. இதன் டிரைவர்களைக் கமாண்ட் லைனில் இருந்து கையாளும் கட்டளையின் பெயர் டிஎக்ஸ்சிஎம்டி. வெறுமனே அதை மட்டும் டைப் செய்தால் ஒரு மெனு கிடைக்கும். பின்னால் கெட்ஸ்டேட் என்று சேர்த்தால் டிரைவர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று சொல்லும். ஸ்டாப் என்றால் நிறுத்தும். ஸ்டார்ட் என்றால் ஓடவிடும். செட்ஸ்டார்ட்ஆப்ஷன் என்பது டிரைவர் இனி எப்படிக் கிளம்ப வேண்டும் என்பதை முடிவு செய்யும். அதற்கு மூன்று நிலைகள்: ஆட்டோ, மேனுவல், டிசேபிள்ட்.

நான் செய்த தவறு

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மதுரையில் உள்ளூர் விடுமுறை. ஆபீஸில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால், ஈமெயில் சர்வரைப் புதுப்பிக்கும் வேலையை அன்று வைத்துக்கொண்டேன். நடுவில் டிரைவர் தானாகக் கிளம்பிவிடக் கூடாதே என்று அதை டிசேபிள்ட் நிலைக்கு மாற்றினேன். வேலை இழுத்துக்கொண்டு மறுநாள் மாலைதான் முடிந்தது. ஆட்டோவுக்கு மாற்றி ஓடவிட்டேன். ரன்னிங் என்று காட்டியது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அந்த மறுநாள் பகலில் பணியாளர் பிரிவு வழக்கம்போல இயங்கியிருக்கிறது. மையப் பட்டியலில் இரண்டு பேரைப் புதிதாகச் சேர்த்து, விலகிய காசாளர் ஒருவரை நீக்கியிருக்கிறார்கள். மூன்று நாள் கழித்து, திருமங்கலத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண் என் மேஜைக்கு வந்து, "சார், எனக்கு இன்னும் ஈமெயிலே வரலை. வேலையில சேர்ந்தும் சும்மா உக்காந்திருக்கேன்" என்றார். புதிதாகச் சேர்ந்த இருவரில் அவரும் ஒருவர். டிரைவரை மறுஒத்திசைவு செய்தேன். இரண்டு பேரும் ஈமெயில் பட்டியலுக்கு வந்துவிட்டார்கள். சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மூன்று வாரம் போனது. ஒரு நாள் அந்தக் காசாளர் போன் செய்தார். "சார், நான் வேலையை விட்டு மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. என் ஈமெயில் இன்னும் தொறக்குது. பாத்து மூடிருங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல மனிதர், தானாகச் சொன்னார். வேறு ஒருவராக இருந்தால் கணக்குப் பிரிவின் கடிதங்களை எல்லாம் வீட்டில் உட்கார்ந்து படித்திருக்கலாம்.

எங்கே பிசகியது?

டிரைவரை நிறுத்தி மட்டும் வைத்தால், மையத்தில் நடக்கும் மாற்றங்கள் ஒரு ஃபைலில் வரிசையாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். திரும்ப ஓடவிட்டதும் டிரைவர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும். டிசேபிள்ட் நிலையிலோ எதுவும் சேராது. அந்த நேரத்தில் நடந்த மாற்றங்கள் டிரைவருக்குத் தெரியாமலே போய்விடும். ஊருக்குப் போகும்போது தபால் பெட்டியை வாசலில் விட்டுச் செல்வதற்கும், கழற்றி வைத்துவிட்டுச் செல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

மறுஒத்திசைவு செய்தேனே என்று கேட்பீர்கள். அது மையப் பட்டியலில் இப்போது இருப்பவர்களைத்தான் பார்க்கும். புதிய இருவரும் அங்கே இருந்தார்கள், வந்துவிட்டார்கள். காசாளர் அங்கே இல்லை. இல்லாதவரைப் பற்றி அது எப்படிச் சொல்லும்? இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்து, ஊழியர் எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் அவர் பெயரை எடுத்தேன். டிரைவரை நிறுத்தி, மேனுவல் நிலையில் வைத்திருந்தால் போதும். தானாகவும் கிளம்பியிருக்காது, மாற்றங்களும் தொலைந்திருக்காது.

வீட்டில் செய்து பாருங்கள்

விண்டோஸில் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களுக்கும் இதே மூன்று நிலைகள் உண்டு. கம்ப்யூட்டர் கடிகாரத்தை இன்டர்நெட் நேரத்துடன் ஒத்திசைக்கும் சர்வீஸை வைத்துப் பழகலாம். அதன் பெயர் டபிள்யூ32டைம். இங்கே கட்டளைகளைத் தமிழில் எழுதியுள்ளேன். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து, ஒவ்வொன்றுக்கும் பின் என்டர் தட்ட வேண்டும்.

1. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சிஎம்டி என டைப் செய்யுங்கள். தோன்றும் கமாண்ட் ப்ராம்ப்ட் மீது ரைட் க்ளிக் செய்து, ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பவர்ஷெல் விண்டோவில் இதைச் செய்ய வேண்டாம். அங்கே எஸ்சி என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருக்கக்கூடும்.

2. எஸ்சி க்யூசி டபிள்யூ32டைம். ஸ்டார்ட் டைப் என்ற வரியில் உள்ள எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 2 என்றால் ஆட்டோ, 3 என்றால் மேனுவல், 4 என்றால் டிசேபிள்ட்.

3. எஸ்சி கொயரி டபிள்யூ32டைம். ஸ்டேட் என்ற வரியில் 4 இருந்தால் சர்வீஸ் ஓடுகிறது; 1 இருந்தால் நிற்கிறது. ஓடினால் நெட் ஸ்டாப் டபிள்யூ32டைம் என்று கொடுத்து நிறுத்துங்கள்.

4. எஸ்சி கான்ஃபிக் டபிள்யூ32டைம் ஸ்டார்ட்= டிசேபிள்ட். சமக்குறிக்கு முன்னால் இடைவெளி கூடாது. பின்னால் கட்டாயம் வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது.

5. நெட் ஸ்டார்ட் டபிள்யூ32டைம். சர்வீஸ் கிளம்பாது, 1058 என்ற எண்ணுடன் பிழைச் செய்தி வரும். டிசேபிள்ட் என்றால் நாம் கூப்பிட்டாலும் வராது என்று பொருள்.

6. மீண்டும் நான்காவது கட்டளையைக் கொடுங்கள். கடைசிச் சொல்லுக்குப் பதிலாக, நீங்கள் குறித்த எண் 3 என்றால் டிமாண்ட் என்றும், 2 என்றால் ஆட்டோ என்றும் டைப் செய்யுங்கள். பிறகு ஐந்தாவது கட்டளையைக் கொடுத்தால் சர்வீஸ் ஓடும்.

7. இன்டர்நெட் இணைப்பு இருக்கும்போது டபிள்யூ32டிஎம் /ரீசிங்க் என்று கொடுங்கள். கடிகாரம் சரியாகிவிடும்.

இங்கே முடக்கி வைத்ததால் எந்த நஷ்டமும் இல்லை. கடிகாரத்துக்கு இப்போதைய மணி தெரிந்தால் போதும். நடுவில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டியதில்லை. ஆட்களின் பட்டியல் அப்படியல்ல. யார் வந்தார், யார் போனார் என்ற ஒவ்வொரு மாற்றமும் அதற்கு வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இந்த ஒரு சர்வீஸில் மட்டும் பழகுங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காகப் பெயர் தெரியாத சர்வீஸ்களை டிசேபிள்ட் செய்யாதீர்கள். எதைத் தொட்டாலும் முதலில் இப்போதைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே நிலைக்குத் திருப்புங்கள். ரன்னிங் என்று திரையில் காட்டினாலும், வேலை நடந்திருக்கிறதா என்று ஒருமுறை நேரில் சரிபார்த்துவிடுங்கள். அன்று மாலை நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.