போனுக்குக் கிடைக்கிற வைஃபை லேப்டாப்புக்குக் கிடைக்கலையா?

நம்ம கடலோர ஊர் முட்டத்துல வைஃபை போட்ட வீடுகள்ல அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. ஒரே அறையில அண்ணன் போன்ல படம் ஓடுது, தங்கச்சி லேப்டாப்புல ஆன்லைன் வகுப்பு உறைஞ்சு நிக்குது. "மிஷின் பழசு, மாத்திரு"ன்னு சொல்ல ஆளுண்டு. அவசரப்படாதீங்க. எல்லாத்துக்கும் ரௌட்டர் ஒண்ணுதான். அதோட அலையைப் பிடிக்கிற ஆன்டெனா, சிப், அந்தச் சிப்பை இயக்குற டிரைவர் மென்பொருள், இந்த மூணும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வேற வேற. குறை எதுலன்னு தெரிஞ்சா, பல நேரம் காசு செலவில்லாமலே சரியாகும்.

1. கோட்டை நம்பாதீங்க, எண்ணைப் பாருங்க
திரையில தெரியுற சிக்னல் கோடுகளுக்குப் பொதுவான அளவு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஒவ்வொண்ணும் தன் கணக்குப்படி வரையுது. சிக்னல் பலத்தோட உண்மையான அளவு டிபிஎம் (dBm). மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ வகுப்பு நல்லா ஓடும். மைனஸ் 80 ஆனா தடங்கும். 10 குறைஞ்சா, கிடைக்கிற சக்தி பத்துல ஒரு பங்காகுதுன்னு அர்த்தம். மேக்ல ஆப்ஷன் கீயை அழுத்திக்கிட்டு வைஃபை குறியைத் தொட்டா இந்த எண் தெரியும். ஆண்ட்ராய்டு போனுக்கு வைஃபை அனலைசர் ஆப்கள் இருக்கு.

2. எந்த பேண்டுன்னு பாருங்க
5 கிகாஹெர்ட்ஸ் பேண்டு வேகமானது, ஆனா சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் தளரும். 2.4 வேகம் குறைவு, தூரம் அதிகம். பழைய லேப்டாப் பலதுக்கும் 2.4 மட்டும்தான் தெரியும். புதுப் போன் பக்கத்து அறையில 5ஐப் பிடிச்சு ஓடும்போது, அந்த லேப்டாப் நெரிசலான 2.4ல திணறும். ரௌட்டர்ல ரெண்டுக்கும் தனித்தனிப் பெயர் வச்சிருங்க.

3. சேனலை 1, 6, 11ல ஒண்ணா வைங்க
2.4ல ஒண்ணோடொண்ணு மோதாத சேனல்கள் இவை மூணும். நம்ம நாட்டுல 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்கக் கணக்குல அமைச்ச வைஃபை கார்டுகள் 11க்கு மேல தேடாது. ரௌட்டர் தானா 12க்கோ 13க்கோ போயிட்டா, அந்தக் கம்ப்யூட்டர்ல உங்க வைஃபை பெயரே வராது.

4. ஆன்டெனாவைக் கவனிங்க
லேப்டாப்புக்குள்ள ஆன்டெனா வயர்கள் பெரும்பாலும் திரையைச் சுத்தி இருக்கும். திரை மாத்தின பிறகு சிக்னல் குறைஞ்சிருந்தா, ரெண்டு வயரும் கார்டுல மாட்டியிருக்கான்னு சர்வீஸ் கடையில கேளுங்க. டெஸ்க்டாப்புல சின்ன வைஃபை டாங்கிளை சிபியூவுக்குப் பின்னால செருகினா, அந்த இரும்புப் பெட்டியே மறைக்கும். யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர்ல மேசை மேல கொண்டுவாங்க. யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் 2.4 அலைக்கு இரைச்சல் தரும்னு இன்டெல் 2012லயே விளக்கியிருக்கு. அதையும் தள்ளி வைங்க.

5. ஓஎஸ் மாறினா டிரைவரும் மாறும்
இதுக்கு நம்ம ஊர்ப் பிள்ளைகள் கையிலயே சாட்சி இருந்தது. 2011 செப்டம்பர் 15ல தொடங்கின தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்துல அரசு நிறுவனமான எல்காட் கொடுத்த பல லேப்டாப்புல, விண்டோஸ் 7 கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையா வச்சு உருவாக்கினது. இப்படி ரெண்டு ஓஎஸ் உள்ள லேப்டாப்புல சிப்பும் ஆன்டெனாவும் ஒண்ணுதான். ஆனா சிப்புகிட்ட எவ்வளவு சக்தியில அனுப்பணும், எப்போ தூங்கணும், எந்த வேகத்துக்கு இறங்கணும்னு சொல்றது டிரைவர். அது ஓஎஸ்ஸுக்கு ஓஎஸ் மாறும். ரியல்டெக், பிராட்காம் சிப்புகளுக்கு லினக்ஸ்ல தனியா ஃபர்ம்வேர் தேடிப்போட்டது பலருக்கும் நினைவிருக்கும். டெபியன் அதை இன்ஸ்டாலரோடயே சேர்த்தது 2023ல வந்த 12ஆம் பதிப்புல இருந்துதான்.

விண்டோஸ்லயும் டிரைவரைப் புதுப்பிங்க. டிரைவர் பழசா இருந்தா சில இன்டெல் கார்டுகள் வைஃபை 6 ரௌட்டரோட பெயரைக்கூடக் காட்டாது. லேப்டாப் நிறுவனத்தோட தளத்துல இருந்து மட்டும் இறக்குங்க. டிவைஸ் மேனேஜர்ல வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதி இருந்தா, மின்சாரம் மிச்சம் பிடிக்க கார்டை அணைக்கலாம்னு இருக்கிற டிக்கை எடுத்திருங்க. பேட்டரியில மட்டும் நெட் தடுமாறுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

6. ஒரு பென்டிரைவ் போதும், குற்றவாளி தெரியும்
உபுண்டு லினக்ஸை பென்டிரைவ்ல ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாம அதுல இருந்தே லேப்டாப்பை ஓடவிடுங்க. அதே நாற்காலி, அதே வைஃபை. லினக்ஸ்ல நல்லா வந்து விண்டோஸ்ல வரலைன்னா டிரைவர்லயோ அமைப்புலயோதான் குறை. ரெண்டுலயும் மோசம்னா ஆன்டெனா, கார்டு, இல்லன்னா இடம்.

7. ரௌட்டருக்கு நல்ல இடம் கொடுங்க
இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, தண்ணித் தொட்டி, கம்பி போட்ட கான்கிரீட் எல்லாமே அலையைத் தடுக்கும். வீட்டு நடுவுல, தலைக்கு மேல உயரத்துல வைங்க. கடலைப் பார்த்த ஜன்னல்ல வேண்டாம். உப்புக்காத்து பட்டுப்பட்டு வயர் செருகுற இடமெல்லாம் அரிச்சிரும்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்க. முன்னயும் பின்னயும் டிபிஎம் எண்ணை எழுதி வைங்க. எல்லாம் பார்த்தும் கார்டுதான் குறைன்னா, ரெண்டு பேண்டும் பிடிக்கிற டாங்கிள் ஒண்ணு வாங்குங்க. லினக்ஸ் ஓட்டுறவங்க அதுல இருக்கிற சிப்போட பெயரைக் கேட்டு, உங்க ஓஎஸ்ஸுக்கு டிரைவர் இருக்கான்னு பார்த்த பிறகு காசு கொடுங்க. புது லேப்டாப்புக்கு வீட்டுல கடன் வாங்கச் சொல்றது இத்தனையும் பார்த்த பிறகு போதும்.